104 என்று எழுதிய பாட்டில்

சிம்மக்கல், மதுரை
11 நவம்பர் 2024

பிலோமினாள் டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டதாம். தபால்காரர் அதைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கீழ்வீட்டுக்காரர் மூன்று நாள் டிவிக்கு மேல் வைத்திருந்துவிட்டு இன்று காலை என் கதவிடுக்கில் செருகினார். அவரோடும் எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. ஆகவே இந்தத் தாமதத்துக்கு நான் பொறுப்பல்ல.

நீங்கள் எழுதியிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். செப்டம்பரில் தைராய்டு அறுவை சிகிச்சை. குரல் நரம்பு பலவீனமாகிவிட்டது. வகுப்பில் மூன்றாவது பெஞ்சுக்கு மேல் கேட்கவில்லை. இடுப்பில் கட்டும் மைக் ஒன்று வாங்கினீர்கள், அது உதவவில்லை. பொங்கல் விடுமுறை முடிவதற்குள் குரல் கேட்க வழி செய்யாவிட்டால் தலைமையாசிரியை உங்களைப் பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்து அலுவலக வேலைக்கு மாற்றிவிடுவார். ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம். "ஒரு ஈக்வலைசர் பெட்டி செய்து தருவாயா தம்பி?"

கடைசி வரியை நான்கு முறை படித்தேன். பாசத்தினால் அல்ல. என்னிடம் ஒருவர் பெட்டி கேட்கிறார், அதுவும் நீங்கள் கேட்கிறீர்கள் என்பதை நம்ப முடியாததால்.

2013 நவம்பரில் அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு, சோழவந்தான் மாதா கோயில் மைதானத்தில் வைப்பதற்காக மூன்று வாரம் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரும் ஈக்வலைசரும் செய்துகொண்டு வந்தேன். வாடகை மைக் செட்டின் அந்தக் கூம்புச் சத்தத்தில் அப்பா பெயர் ஒலிக்கக் கூடாது என்று நினைத்தேன். நீங்கள் பைபிளிலிருந்து முதல் வாசகம் படிக்க எழுந்தீர்கள். பெட்டி ஊளையிட்டது. உடனே உங்கள் கணவர் திரு. ஜெய்சன் ஓடிவந்து குமிழைத் திருகினார். ஊளை இன்னும் கூடியது. அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "போதும் தம்பி, நீ போ." மைக் உங்கள் வாய்க்கு முன்னால் இருந்தது. முந்நூறு பேருக்குக் கேட்டது. என் பெட்டியின் வழியாகவே கேட்டது.

போய்விட்டேன். சொன்னபடிதானே செய்தேன்?

இப்போது நான் பெட்டி செய்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இருக்கிற குரல் என்ன என்று தெரியாமல் சர்க்யூட் வரைய முடியாது. வகுப்பில் பேசுவதுபோல் மூன்று நிமிடம் பேசி, பதிவு செய்து, மெமரி கார்டில் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். போனில் அனுப்ப வேண்டாம். உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். அதை எடுக்கும் எண்ணம் இல்லை.

இப்படிக்கு,
அ. மரியராஜ்
மின்னணுவியல் விரிவுரையாளர்


சோழவந்தான்
16 நவம்பர் 2024

தம்பி மரியராஜுக்கு,

டீச்சர் என்று கூப்பிட்டிருக்கிறாய். கோபமாகத்தான் எழுதியிருப்பாய். ஆனால் எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பெயரில் இருப்பதற்குத்தானே இத்தனை பாடும்.

நீ எண்ணைத் தடுத்திருப்பது தெரியும். எடுத்தாலும் பேச இங்கே குரல் இல்லை. அதனால்தான் கடிதம். பேசுகிறதை அளந்து செலவு செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குரல் ஒரு வருடத்தில் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்.

அந்த இடுப்பு மைக்கைப் பற்றி "உதவவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன். அதை மாட்டிக்கொண்டு பத்தாம் வகுப்பில் நுழைந்து பாடத்தைத் தொடங்கினேன். கடைசி பெஞ்சில் பாண்டிமீனா என்று ஒருத்தி இருக்கிறாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். எழுந்து நின்றாள். "டீச்சர், குடத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. கொஞ்சம் வெளிய வாங்க டீச்சர்." நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குச் சிரித்தால் காற்றுதான் வருகிறது. அதைக் கேட்டதும் அவர்கள் சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தலைமையாசிரியை சிஸ்டர் ஐரின் கெட்டவர் இல்லை. "பிள்ளைகளுக்கு பப்ளிக் எக்ஸாம் வருது பிலோமினா. பாதி கிளாசுக்குத் தமிழ் கேக்கலைன்னா நான் பெத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். நானும் அவர் இடத்தில் அதையேதான் கேட்பேன். ஆனால் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்திவிட்டு, இனி ஐந்து வருடம் ஆபீசில் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ் எழுத என்னால் முடியாது தம்பி. பக்கத்து வகுப்பில் வேறு யாரோ பாடம் நடத்துவது சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மெமரி கார்டை இந்தத் தாளோடு ஒட்டியிருக்கிறேன். எதைப் படிப்பது என்று யோசித்தேன். செய்யுள் படித்தால் நான் குரலைக் கூட்டிவிடுவேன், உனக்குச் சரியான அளவு கிடைக்காது. அதனால் தினமும் எப்படிக் கூப்பிடுகிறேனோ அப்படியே வருகைப் பதிவேட்டைப் படித்திருக்கிறேன்.

பழையதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

உன் அக்கா,
பிலோமினாள்


சிம்மக்கல், மதுரை
24 நவம்பர் 2024

டீச்சர் அவர்களுக்கு,

கார்டு வந்தது. கல்லூரி ஆய்வகக் கணினியில் போட்டுக் கேட்டேன். என்னைவிட ஏழு வயது இளையவரான துறைத்தலைவர் எட்டிப் பார்த்து, "சொந்த வேலையா சார்?" என்றார். "சொந்தம் இல்லை" என்றேன்.

முதல் ஆறேழு பெயர் வரைக்கும் வேறு யாருடைய கார்டோ மாறி வந்துவிட்டது என்றே நினைத்தேன். வாயில் துணியைப் பிடித்துக்கொண்டு யாரோ பேசுவதுபோல் இருந்தது. பிறகு "அன்னக்கொடி" என்று கூப்பிட்டீர்கள். அந்தக் "கொ"வில் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்து, கடைசியை மேலே தூக்கினீர்கள். சாப்பாட்டு நேரத்துக்குத் தெருமுனை வரை வந்து என்னைக் கூப்பிடும்போதும் இப்படித்தான் கடைசியைத் தூக்குவீர்கள். அப்போதுதான் அது நீங்கள் என்று தெரிந்தது.

இனி வேலைக்கு வருகிறேன். குரலை ஒரே பொருளாக எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் அடி, நடு, உச்சி என்று மூன்று அடுக்கு உண்டு. பெண் குரலுக்கு அடி இருநூறு ஹெர்ட்ஸ் பக்கம். குரலுக்கு உடம்பு அதுதான். நடு இரண்டாயிரம் பக்கம். சொல் சொல்லாகப் புரிவது அங்கே. உச்சி அதற்கும் மேலே. உங்களுக்கு அடி கிட்டத்தட்டப் போய்விட்டது. நடு மெலிந்திருக்கிறது. உச்சியில் வெறும் காற்று. கடையில் விற்கும் இடுப்பு மைக் மூன்றையும் ஒரே அளவில் பெருக்கும்; காற்றையும் சேர்த்துப் பெருக்கும். ஈக்வலைசர் என்பது ஒவ்வோர் அடுக்குக்கும் தனிக் குமிழ் வைப்பது, அவ்வளவுதான். அடியைத் தூக்குவேன். நடுவைக் கொஞ்சம் தூக்குவேன். உச்சியை அமுக்குவேன். மூன்று குமிழ், இரண்டு ஐசி, பத்துப் பதினைந்து ரெசிஸ்டர், கெபாசிட்டர். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மதிப்பும் சரியாக இருக்க வேண்டும்.

வகுப்பறை நீளம், அகலம், கூரை என்ன என்று எழுதுங்கள். கார்டில் நாற்பத்தொரு பெயர் இருந்தது. அது போதும்.

அ. மரியராஜ்


சோழவந்தான்
30 நவம்பர் 2024

தம்பிக்கு,

நீளம் இருபத்தெட்டு அடி, அகலம் இருபது. மேலே தகரக் கூரை; அதற்குக் கீழ் ஒன்றும் இல்லை. பாண்டிமீனாவும் இன்னொருத்தியும் டேப் பிடித்து அளந்தார்கள். "எதுக்கு டீச்சர்?" என்றாள் பாண்டிமீனா. "என் தம்பி ஒரு பெட்டி செய்யிறான்" என்றேன். "ஒங்களுக்குத் தம்பி இருக்காரா டீச்சர்? சொல்லவே இல்ல" என்றாள். சின்னப் பிள்ளை, தெரியாமல் கேட்டுவிட்டாள்.

என் வகுப்பில் நாற்பத்தொரு பேர்தான். ஆனால் கார்டில் நாற்பத்திரண்டு பெயர் இருந்திருக்க வேண்டும். கடைசி வரை கேட்டாயா?

பெட்டி தயாரானதும் எழுது. உன் மச்சான் வந்து வாங்கிக்கொள்வார்.

அக்கா


சிம்மக்கல், மதுரை
14 டிசம்பர் 2024

டீச்சர் அவர்களுக்கு,

பெட்டி முடிந்தது. கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் வீட்டில் வைத்திருந்தவையே போதுமானவையாக இருந்தன. ஐசியும் மைக்கும் ஸ்பீக்கரும் மட்டும் கடையில் வாங்கினேன். கடைக்காரர், "ரெடிமேடாவே சீப்பா வருதே சார், எதுக்குக் கஷ்டப்படுறீங்க?" என்றார். நாட்டில் எல்லோருக்கும் இந்த ஒரு கேள்விதான் தெரியும்.

உங்கள் பதிவையே கம்பி வழியாகப் பெட்டிக்குள் விட்டு நான்கு நாள் கேட்டேன். குமிழைத் திருகத் திருக மாற்றம் தெரிகிறது. மூன்று குமிழிலும் வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறேன். புள்ளிக்கு நேராக வைக்க வேண்டும். அதற்கு மேல் போகக் கூடாது. மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். திரு. ஜெய்சன் பெட்டியைத் தூக்கி வரலாம். குமிழைத் தொடக் கூடாது. இதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

அவர் மேலே வர வேண்டாம். கீழ்வீட்டில் கொடுத்து வைக்கிறேன். அதற்காகக் கீழ்வீட்டுக்காரர் செல்வக்குமாரிடம் ஒன்றரை வருடம் கழித்துப் பேச வேண்டியதாயிற்று. "வருவார், கொடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

கார்டில் நாற்பத்தொரு பெயர்தான் இருந்தது. அதற்குமேல் பதிவாகவில்லை போலிருக்கிறது.

அ. மரியராஜ்


சோழவந்தான்
18 டிசம்பர் 2024

தம்பி,

சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்று அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு பிள்ளைகளைப் பத்து நிமிடம் இருக்கச் சொல்லி, பெட்டியையும் ஸ்பீக்கரையும் மேசைமேல் வைத்தேன். குமிழ் மூன்றும் உன் புள்ளியில்தான் இருந்தன. மைக் நான்கு விரல் தள்ளித்தான் இருந்தது. வணக்கம் என்று வாயெடுப்பதற்குள் ஊளையிட்டது. அதே ஊளை. கோயில் மைதானத்தில் கேட்ட அதே சத்தம். தகரக் கூரைக்குக் கீழே அது இன்னும் பெரிதாக இருந்தது. முன் பெஞ்சுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து அறையிலிருந்து சிஸ்டர் ஓடிவந்தார்.

பாண்டிமீனா தலையைக் குனிந்துகொண்டு பையை மூடினாள். அவள் கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

சிஸ்டர் வெளியே கூப்பிட்டு, "சொன்ன தேதி வரைக்கும் பாப்போம் பிலோமினா" என்றார். பார்க்கலாம் என்று சொல்வதற்கும் அவர் சொன்ன விதத்துக்கும் தூரம் அதிகம்.

ஜெய்சன் தொடவில்லை. கேட்பாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே எழுதுகிறேன்.

பிலோமினாள்


சிம்மக்கல், மதுரை
20 டிசம்பர் 2024

டீச்சர் அவர்களுக்கு,

தொடவில்லை என்று கேட்பதற்கு முன்பே எழுதுகிறீர்கள். இதிலிருந்தே எனக்குப் பாதி புரிகிறது.

என் கணக்கில் தவறு இல்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். சரியான மதிப்பில் செய்த சர்க்யூட் தானாக ஊளையிடாது. 2013இலும் இதையேதான் சொன்னேன், கேட்க ஆள் இல்லை. அன்று நடுக் குமிழை அவர் மேலே ஏற்றினார். இன்று என்ன செய்தாரோ. தொடாமல் தூக்கிவரும் கலை அவருக்குத் தெரியாது.

இரண்டு பெட்டியும் எனக்கு வேண்டும். புதியது மட்டுமல்ல, அன்று நான் விட்டுவிட்டு வந்த பழையதும். அது இன்னும் இருந்தால். பழைய இரும்போடு ஆக்கருக்குப் போட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அ. மரியராஜ்


சோழவந்தான்
23 டிசம்பர் 2024

மரியராஜுக்கு,

இரண்டையும் இன்று காலை மதுரைக்குப் போகும் வெற்றிலை வியாபாரி ஒருவரிடம் கொடுத்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அவர் உன் கீழ்வீட்டில் கொடுத்துவிடுவார், வாங்கிக்கொள்.

பழைய பெட்டியை ஆக்கருக்குப் போடவில்லை. உன் மச்சான் அதைப் பாலித்தீன் பையில் கட்டி, பரணில் வைத்திருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் வீடு ஒட்டடை அடிக்கும்போது அதை இறக்கி, பைமேல் இருக்கும் தூசியைத் தட்டி, பிரிக்காமல் மறுபடி ஏற்றுவார். "இன்னும் எதுக்குங்க அது?" என்று ஒரு முறை கேட்டேன். "மாப்ள சாமான். என்னைக்காச்சும் வந்து கேப்பாரு. அன்னைக்கு இல்லன்னு சொல்லக் கூடாதுல்ல" என்றார். நீ யாரைப் பற்றி எழுதுகிறாய் என்று தெரிந்துகொள்.

உனக்கு மட்டும்தான் ஆற்றாமை இருக்கிறது என்று நினைத்திருக்கிறாய். எனக்கு அறுவை சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரி உன் வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது வாசலைப் பார்த்தேன். எல்லோரும் நான் தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்தார்கள்.

அப்பா பூசையில் நான் சொன்னதைச் சொல்கிறேன். வாசகத்துக்கு முன்னால் சொல்லும் முன்னுரையில், அடுத்த வரியில் அப்பா பெயர் வர இருந்தது. அதைச் சொன்னால் உடைந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அந்த ஊளை வந்தது. ஒரு நொடி, நான்தான் கத்திவிட்டேன் என்று நினைத்தேன். எதையாவது நிறுத்த வேண்டும் போல இருந்தது. நீதான் எதிரில் நின்றாய். "போதும் தம்பி, நீ போ" என்றேன். அந்த இடத்தைவிட்டுத் தள்ளிப் போ என்றுதான் சொன்னேன். நீ ஊரைவிட்டே போனாய்; பதினோரு வருடம் போனாய். நான் தப்பு செய்யவில்லை, எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன். குரல் இருந்தபோது கேட்டிருக்கலாம். இப்போது எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

கார்டில் பதிவாகவில்லை என்று எழுதியிருந்தாய். நாற்பத்தொரு பெயருக்குப் பிறகு நான் கூப்பிட்டது உன் பெயரை. கூப்பிட்டுவிட்டு, பிள்ளைகளுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் காத்திருந்து நிறுத்தினேன்.

அக்கா


சிம்மக்கல், மதுரை
27 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

பெட்டிகள் வெற்றிலைக் கூடைக்குள் வந்தன. கூடையில் வாழைச்சருகு ஈரத்தோடு இருந்தது. சர்க்யூட்டையும் ஈரத்தையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்று திட்டுவதற்காகவே முதலில் உட்கார்ந்தேன். நல்லவேளை, எழுதவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் இரண்டையும் திறந்து அருகருகே வைத்தேன். பழைய பெட்டியில் குமிழ்கள் அன்று இருந்தபடியே இருந்தன. அடிக் குமிழ் முக்கால் தூக்கி இருந்தது. அது நான் வைத்தது. நடுக் குமிழைப் பார்த்தேன். முழுக்கக் கீழே இருந்தது. பூஜ்யத்தில். மச்சான் அதை ஏற்றவில்லை, இறக்கியிருக்கிறார். ஊளை எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று காதால் கேட்டு, சரியான குமிழைப் பிடித்து, சரியான பக்கம் திருகியிருக்கிறார். கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதுகிறவர். மின்னணுவியல் படித்த நான் அந்த இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அப்படியானால் ஏன் ஊளை நிற்கவில்லை?

பூதக்கண்ணாடி எடுத்தேன். கெபாசிட்டர் மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. அதன்மேல் மூன்று இலக்கம் அச்சடித்திருக்கும். அடி அடுக்குக்கு 104 போட வேண்டும். அதில் 103 என்று இருந்தது. ஒரு இலக்க வித்தியாசம், ஆனால் மதிப்பு பத்தில் ஒரு பங்கு. அதைப் போட்டால் இருநூறில் தூக்க வேண்டிய குமிழ், இரண்டாயிரத்தில் போய்த் தூக்கும். அதாவது பெயர்தான் அடிக் குமிழ், வேலை செய்வது நடுவில். இரண்டு குமிழும் ஒரே இடத்தைத் தூக்கினால் மைக் ஊளையிடாமல் என்ன செய்யும்? மச்சான் நடுவை இறக்கினார். நான் ஏற்றிவைத்த இன்னொன்று அதே இடத்தைத் தூக்கிக்கொண்டே இருந்தது.

புதிய பெட்டியைப் பார்த்தேன். அதிலும் 103.

என் அலமாரியில் ஊறுகாய் பாட்டில்களில் உதிரிபாகம் போட்டு வைத்திருக்கிறேன். 2012இல் நூறு நூறாக வாங்கி, நிரப்பி, என் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டினேன். 104 என்று எழுதிய பாட்டிலில் இருப்பது முழுக்க 103. அன்று மாற்றிக் கொட்டியிருக்கிறேன். 2013இலும் இந்த வருடமும் அதே பாட்டிலில் கைவிட்டு எடுத்திருக்கிறேன். நான் எழுதிய சீட்டு என்பதால் ஒரு முறைகூடப் பொருளைப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக மாணவர்களிடம் கத்துகிறேன்: டப்பாவில் எழுதியிருப்பதை நம்பாதே, சாமான்மேல் எழுதியிருப்பதைப் படி.

அன்றும் இன்றும் நான் மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒன்றாக வைத்துச் சோதிக்கவில்லை. கம்பி வழியாகப் பாட்டைவிட்டேன், பதிவைவிட்டேன். அதில் ஊளை வராது. குமிழைத் திருகினால் சத்தம் மாறியது. எந்தச் சத்தம் மாறியது என்று கேட்கத் தோன்றவில்லை.

கடையில் புதிதாக வாங்கி, ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து, மாற்றினேன். இந்த முறை மைக்கைக் கையில் பிடித்து, ஸ்பீக்கரை மாடிப்படியில் வைத்து, முழுச் சத்தத்தில் பேசினேன். செல்வக்குமார் ஏறி வந்தார். "என்ன சார், ஏலம் போடுறீங்களா?" என்றார். அவரைத் தெருவுக்கு அனுப்பி, அங்கிருந்து கேட்கச் சொன்னேன். உன்னைப் போலவே குரலை அமுக்கி, காற்றாகப் பேசினேன். "எல்லாம் கேக்குதுண்ணே" என்று தெருவிலிருந்து கத்தினார். "என்ன கேக்குது?" என்றேன். "பிலோமினா, பிலோமினான்னு கேக்குது. யாருண்ணே அது?" என்றார். சொன்னேன். தெருவில் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு ஓர் அக்கா உண்டு என்று.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்து, அறுவை சிகிச்சை அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கீழே கேன்டீனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று டீ குடித்தேன். நல்லபடியாக முடிந்தது என்று மச்சான் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார். அதைக் கேட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனேன். மேலே ஏறியிருக்கலாம்.

ஜனவரி 4, சனிக்கிழமை, பெட்டியை நானே கொண்டுவருகிறேன். நீ ஸ்பீக்கரை மேசைமேல் உன்னைப் பார்த்து வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லித் தராததும் என் தவறுதான். சிஸ்டரிடம் வகுப்புச் சாவி வாங்கி வை. மச்சான் வீட்டில் இருந்தால் நல்லது. அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

மரியராஜ்


சோழவந்தான்
22 ஜனவரி 2025

தம்பிக்கு,

நீ என் எண்ணைத் தடுப்பிலிருந்து எடுத்துவிட்டாய் என்று தெரியும். மச்சான் என் போனிலிருந்து அடித்துப் பார்த்தார், மணி போனது. ஆனாலும் கடிதமே எழுதுகிறேன். குரலை வகுப்புக்கு மிச்சம் பிடிக்கிறேன்.

நீ வந்து போன சனிக்கிழமையைப் பற்றி அவர் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "மாப்ள என்கிட்ட ஒரு வார்த்த பேசணும்னு வந்தாரு. ஒக்காந்து அரை மணி நேரம் கெபாசிட்டரப் பத்திப் பேசுனாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறம் மீன் கொழம்புல உப்புக் கம்மின்னு சொல்லிட்டு ரெண்டாந்தடவ ஊத்தச் சொன்னாரு. சரி, மன்னிப்புக் கேட்டுட்டாருன்னு எடுத்துக்கிட்டேன்." உப்பு சரியாகத்தான் இருந்தது.

நேற்றுதான் சிஸ்டர் வந்தார். பாடம் நடத்திக் காட்டச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய், பாண்டிமீனாவைத் தள்ளி உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்துக்கொண்டார். "சொல்வதெழுதுதல் வைங்க. இருபது வார்த்த. ஒரு தடவதான் சொல்லணும். கடைசி பெஞ்சுத் தாளைத்தான் பாப்பேன்" என்றார்.

பெட்டியைப் போட்டேன். நீ சொன்னபடி ஸ்பீக்கர் எனக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்து, ஸ்டூல்மேல் இருந்தது. கை குமிழ்ப் பக்கம் போனது. இழுத்துக்கொண்டேன். மூச்சை இழுத்து முதல் வார்த்தையைச் சொல்வதற்குள் அந்த ஊளை காதுக்குள் கேட்டுவிட்டது. ஆனால் அது என் பயத்தில் மட்டும்தான் கேட்டது. வகுப்பில் என் குரல்தான் கேட்டது. பழைய குரல் இல்லை தம்பி. கொஞ்சம் கரகரப்பாக, சளி பிடித்ததுபோல. ஆனால் ஒரு ஆள் நின்று பேசுவதுபோல் இருந்தது. நாற்பத்தொரு தலையும் குனிந்து எழுதின. யாரும் "என்ன டீச்சர்?" என்று நிமிரவில்லை. இருபதாவது வார்த்தை வரை யாரும் நிமிரவில்லை.

கடைசி பெஞ்சில் ஆறு பேர். நாலு பேர் இருபதுக்கு இருபது. அன்னக்கொடி பதினெட்டு. பாண்டிமீனா பதினேழு, அவள் எப்போதும் பதினேழுதான், அது என் குரலால் அல்ல. சிஸ்டரும் எழுதியிருந்தார். பத்தொன்பது. எதில் போனது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

தாளை மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆபீஸ்ல ஒங்களுக்கு ஒரு சேர் போடச் சொல்லியிருந்தேன். வேணாம்னு சொல்லிடுறேன்." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுதினேன். ஏற்கெனவே எழுதியிருந்த தேதிக்குப் பக்கத்திலேயே இன்னொரு முறை எழுதினேன்.

திரும்பியபோது பாண்டிமீனா எழுந்து நின்றாள். "டீச்சர், குடத்த விட்டு வெளிய வந்துட்டீங்க." சிரித்தேன். மைக் போட்டிருந்தது மறந்துவிட்டது. அந்தச் சிரிப்பு கடைசி பெஞ்சு வரைக்கும் போனது. அவர்களும் நிறுத்தாமல் சிரித்தார்கள்.

மச்சான் பழைய பெட்டியையும் சரிசெய்து தரச் சொல்கிறார். பரண் காலியாக இருப்பது அவருக்கு என்னவோபோல் இருக்கிறதாம்.

அக்கா


சிம்மக்கல், மதுரை
25 ஜனவரி 2025

அக்காவுக்கு,

கடிதத்தைச் செல்வக்குமார் அன்றைக்கே மேலே கொண்டுவந்து கொடுத்தார். "அக்கா லெட்டர்" என்றார். பிரித்துப் படித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார். "வேலை போகலையா?" என்றார். "போகலை" என்றேன். "அப்பாடா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவருக்கும் எனக்கும் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் இருக்கும் வழக்கு அப்படியேதான் இருக்கிறது. அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பழைய பெட்டியைச் சரிசெய்துவிட்டேன். அடுத்த நவம்பரில் அப்பா நினைவுப் பூசைக்கு மைதானத்தில் வைக்கலாம். நீ வாசகம் படிக்கலாம். குமிழ்ப் பக்கத்தில் மச்சான் உட்காரட்டும். அவருக்குக் காது நன்றாக இருக்கிறது. நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.

அந்த ஊறுகாய் பாட்டிலை இந்த வாரம் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். சீட்டைக் கிழிக்காமல் அப்படியே மாணவர்களிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். ஒருவன், "சார், பதினோரு வருசமா ஒரு தடவகூடப் பாக்கலையா?" என்று கேட்டான். அவனை வெளியே அனுப்பவில்லை. அதுவே எனக்கு முன்னேற்றம்.

கடைசியாக ஒன்று. கார்டில் பதிவாகவில்லை என்று எழுதியது பொய். முதல் நாளே கடைசி வரை கேட்டேன். நாற்பத்தொரு பெயர், பிறகு என் பெயர், பிறகு நீ காத்திருந்த இடம். கணினியில் அளந்து பார்த்தேன், ஐந்தரை விநாடி. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு விநாடிக்கு மேல் நீ காத்திருக்கவில்லை. பெட்டியைச் சோதித்த நான்கு நாளும் அந்த இடம் வரும்போதெல்லாம் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றேன்.

உள்ளேன், டீச்சர்.

மரியராஜ்